நாலாம் தூக்கம்

ஆடி 19, திங்கள்

சங்கவி இந்த டைரியைக் கையில் கொடுத்து, "அப்பத்தா, புழு வந்த நாள்ல இருந்து தினமும் எழுதோணும். சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு, எத்தன தடவ மல்பெரித் தழை போட்டீங்க, எல்லாம்" என்று சொல்லிவிட்டுக் கோயமுத்தூர் பஸ் ஏறிவிட்டாள். என் மகன் குமரவேலின் ஒரே மகள். பட்டுப்புழுவைப் பற்றித்தான் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். நான் பதினெட்டு வருஷமாகப் பட்டுப்புழு வளர்க்கிறேன். எனக்கு யாரும் பட்டம் தரவில்லை.

நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைதான். மீதி எழுத்தெல்லாம் அறிவொளி இயக்கத்தில் கற்றது. ஆனால் என் ஞாபகத்துக்கு எழுத்துத் துணை வேண்டியதில்லை. எங்கள் பித்தளை அண்டாவை மருமகள் வசந்தாமணியின் அம்மா வாங்கிப் போனது 2011 தை மாதம், ஒரு புதன்கிழமை. திரும்பி வந்தபோது அடியில் நசுங்கல். இதை எந்த டைரியில் எழுதி வைத்தேன்? வசந்தாமணியிடம் இதைப் பற்றி வருஷத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் பேசுவதும் இல்லை.

இன்று காலை புழு வந்தது. முட்டையைப் பொரிய வைத்து, குஞ்சுப் புழு இரண்டு தூக்கம் தூங்கி எழும் வரை வளர்த்து, எங்களைப் போன்றவர்களுக்குக் கொடுக்கும் இடத்துக்குச் சாக்கி நிலையம் என்று பெயர். எங்கள் பக்கத்தில் இருப்பது ஒன்றே ஒன்று. அதை நடத்துகிறவள் நாச்சாத்தாள். என் கூடப் பிறந்த தங்கை. நாங்கள் பேசிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. என் மகள் செல்வராணியின் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னாலேயே எழுந்து போனவள் அவள். சாம்பல் நிறச் சேலை, பச்சைக் கரை. மணி ஏழு இருபது. புழு வாங்கக் குமரவேல்தான் போவான். நான் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுப்பதில்லை.

சூடு 26. ஈரம் 80. தழை மூன்று தடவை.

ஆடி 23, வெள்ளி

மூன்றாம் தூக்கம். எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கின்றன.

சங்கவி படிக்கிற பெண் என்றாலும் இதைப் படிக்கப் போகும் அவளுடைய சிநேகிதிகளுக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன். புழு நாலு தடவை தூங்கும். ஒவ்வொரு தூக்கத்திலும் பழைய தோலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பெரிதாக எழும். நாலாவது தூக்கம் முடிந்தால் ஏழெட்டு நாள் பேய் பிடித்தது போலத் தின்று, பிறகு கூடு கட்டும். தூங்கும்போது தழை போடக்கூடாது. சுண்ணாம்புத் தூள் தூவிவிட்டு வந்துவிட வேண்டும். அதனால் எனக்கும் இன்று ஓய்வு. டிவி பார்த்தேன். அதில் ஒரு மாமியாரைக் கெட்டவளாகக் காட்டுகிறார்கள். அவள் சொல்வதெல்லாம் நியாயமாகத்தான் இருந்தது.

ஆடி 26, திங்கள்

மழை. தழை நாலு தடவை. ஒரு தடவை வசந்தாமணி ஈரம் உலராத தழையைப் போட்டாள். சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஞாபகத்தில் வைத்திருக்கிறேன்.

ஆடி 29, வியாழன்

நாலாம் தூக்கம். காலையில் புழு மனைக்குள் போனதும் கண்ணில் பட்டது. எழுபதாயிரத்துச் சொச்சம் புழுக்கள் தூங்குகின்றன. நடு அடுக்கில், மூன்றாவது படுக்கையில் மட்டும் சிலது தூங்கவில்லை. உடம்பு எண்ணெய் தடவியது போல மினுமினு என்று உப்பிக்கொண்டு, தழை தேடி ஓரமெல்லாம் ஊர்கின்றன. பொறுக்கி எண்ணினேன். நூற்றுப் பதின்மூன்று.

பால்புழு நோய்தான். தூங்காது, மினுங்கும், உப்பும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டும். விட்டால் மனையே காலி.

"கால கிள்ளிப் பாத்தீங்களாங்கத்தே?" என்று வசந்தாமணி கேட்டாள். புழுவின் காலைக் கிள்ளினால் பாலாக வடிந்தால் நோய். தண்ணீராக வந்தால் இல்லை. இது எனக்கே சொல்லிக் கொடுக்கிறாள். பார்த்தேன். கண்ணாடி போட்டிருக்கவில்லை. வெள்ளையாக இருந்த மாதிரிதான் இருந்தது.

நோய்ப் புழுவைச் சுண்ணாம்புக் குழியில் போட்டு மூடுவதுதான் முறை. நான் மூடவில்லை. பழைய தட்டில் போட்டு, ஏர்ச் சாமான் வைக்கும் கொட்டகையில் தனியாக வைத்து, தழையும் போட்டேன். இது நாச்சி கொடுத்த புழு. சாட்சி சாகக் கூடாது.

ஆடி 30, வெள்ளி

கடைசி ஆடி வெள்ளி. மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். புழு வளர்க்கிற எல்லாரும் வந்திருந்தார்கள். நாச்சியும் வந்திருந்தாள். முடி பாதி வெளுத்துவிட்டது. எனக்கு இன்னும் அவ்வளவு இல்லை.

நான் சத்தம் போடவில்லை. நான் பேச ஆரம்பித்த நேரத்தில் ஸ்பீக்கரில் பாட்டு நின்றுவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

"சாக்கியில குடுத்த புழுவுல பால் நோய்" என்றேன். "நூத்திப் பதிமூணு புழு. தனியா வெச்சிருக்கறேன். ஆரு வேணாலும் வந்து பாருங்க."

கூழ் வாங்க நின்ற வரிசை அப்படியே நின்றது. எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்துக்காரர் திருமலைச்சாமி சொம்பைக் கீழே வைத்துவிட்டார். நாச்சி என்னைப் பார்த்தாள்.

"அக்கா, கால கிள்ளிப் பாத்தயா?"

பத்தொன்பது வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"பாத்தேன்" என்றேன்.

அவள் கூழை வாங்காமல் போய்விட்டாள்.

ஆடி 31, சனி

மற்ற புழுக்கள் எழுந்துவிட்டன. வெள்ளை வெளேர் என்று, நல்ல பசி. மனையில் வேறு ஒன்றுக்கும் நோய் இல்லை. இது ஆச்சரியம்தான்.

குமரவேல் வெளியே போய்விட்டு வந்து வண்டியை நிறுத்தாமலே சொன்னான். "சின்னம்மாகிட்ட இந்தத் தடவ புழுவுக்குச் சொல்லி வெச்சிருந்தவங்க பன்னெண்டு பேரு. ஒம்பது பேரு வேண்டாம்னுட்டாங்க. குஞ்சு பொரிஞ்சு வளந்துட்டு இருக்குது. ஆவணி அஞ்சாந்தேதி ரெண்டாந் தூக்கம் முடியுது. அதுக்குள்ள எடுத்துட்டுப் போக ஆளில்லைன்னா அத்தனையும் குழிதான்."

குஞ்சுப் புழு காத்திருக்காது. எழுந்தால் பசிக்கும். பெரிய புழுவுக்குப் போடத் தழையும் இடமும் சாக்கியில் கிடையாது. இது எனக்குத் தெரியாதா?

"அதுக்கு நான் என்ன பண்றது?" என்றேன்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். பண்ணுனது பத்தும்" என்றான். பிறகு வசந்தாமணியிடம், எனக்குக் கேட்கட்டும் என்று, "செல்வராணி கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான் ஒரு பேச்சுப் பேசுனாங்க" என்றான்.

அன்றைக்கு நான் என்ன பேசினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

இன்னொன்று. தழை வெட்ட வருகிற பெண்கள் இன்று வரவில்லை. நோய் வீட்டில் கால் வைத்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போனால் அங்கே சேர்க்க மாட்டார்களாம். திருமலைச்சாமி எங்கள் தோட்டத்தையும் அவர் தோட்டத்தையும் பிரிக்கும் வழியில் கோலம் போட்ட மாதிரிக் குறுக்கே பிளீச்சிங் பவுடர் கொட்டி வைத்திருக்கிறார். நோய் என்று சொன்னது நாச்சி வீட்டை. ஒதுக்கி வைத்திருப்பது என் வீட்டை. தழை நானும் வசந்தாமணியும் வெட்டினோம். இடுப்பு போய்விட்டது.

ஆவணி 1, ஞாயிறு

சங்கவி வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் கொட்டகைக்குப் போனாள். ஒரு புழுவை எடுத்துக் காலைக் கிள்ளினாள்.

"அப்பத்தா, தண்ணியாட்ட இருக்குது."

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் இன்னும் பத்துப் புழுவைக் கிள்ளினாள். பத்தும் தண்ணீர். "இது பால் நோயே இல்ல. நோய்னா மூணு நாள்ல பாதி செத்திருக்கும். இதுக நல்லாத் தின்னுட்டுத்தான் இருக்குது. தோல் உரிக்க மட்டும் மாட்டேங்குது. எங்க காலேஜ்ல இந்த மாதிரிப் புழு கெடைக்காதான்னு மூணு வருஷமாத் தேடறேன். நல்லவேளை நீங்க குழியில போடல. ஏன் போடல?"

"மனசு வரல" என்றேன்.

பிறகு சமையல் மேடையில் பலகை போட்டு நாலு புழுவை அறுத்தாள். வசந்தாமணி "அய்யோ, அது தேங்கா துருவற பலகைடீ" என்று கத்தினாள். புழுவின் கழுத்துப் பக்கம் சல்லடைத் துணி மாதிரி, கண்ணாடி மாதிரி ஒன்றை ஊசியால் எடுத்துக் காட்டினாள். பதினெட்டு வருஷமாகப் புழுவோடு இருக்கிறேன், அப்படி ஒன்று இருப்பது தெரியாது.

"இந்தச் சுரப்பியிலதான் ஹார்மோன் ஊறுது. 'தோலக் கழட்டு'ன்னு உடம்பு பூராத்துக்கும் சொல்ற சேதி அதுதான். அது ரத்தத்துல கலந்தாத்தான் புழு தூங்கும். இதுகளுக்குச் சேதி வரல. ஒண்ணு, சுரப்பியில ஊறவே இல்ல. இல்லைன்னா, ஊறுனது வெளிய வரல. எதுன்னு பாக்கோணும்." சுரப்பியையும் ரத்தத்தையும் ஐஸ் டப்பாவில் வைத்துக்கொண்டாள்.

அடுத்து அவள் செய்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பழுக்க வைக்கும் மருந்தை எடுத்தாள். புழு வளர்க்கிற எல்லார் வீட்டிலும் இந்தப் பாட்டில் இருக்கும். கூடு கட்டும் பருவத்தில் புழுக்கள் முன்னே பின்னே பழுக்காமல், எல்லாம் ஒரே நாளில் பழுக்கட்டும் என்று தழையில் தெளிப்போம்.

"அது கடைசியில போடற மருந்து, கழுத. இப்பப் போட்டா கெட்டுப்போயிரும்."

"அந்தப் பாட்டிலுக்குள்ள என்ன இருக்குதுன்னு நெனைக்கறீங்க? ஒரு செடியில இருந்து எடுத்த இதே ஹார்மோன்தான். இதுக உடம்பு தர மாட்டேங்குது, நாம வெளிய இருந்து குடுத்துப் பாப்போம். கொஞ்சமாத்தான்."

மிச்சம் நூற்று ஒன்பது புழு. ஐம்பத்தைந்துக்கு மருந்துத் தழை. ஐம்பத்து நாலுக்கு வெறும் தழை. சங்கவி மாலை பஸ்ஸில் போய்விட்டாள்.

ஆவணி 2, திங்கள்

மருந்துத் தழை தின்றவை மத்தியானத்தில் இருந்து தழையைத் தொடவில்லை. சாகப் போகிறதா, தூங்கப் போகிறதா, தெரியவில்லை. எட்டுத் தடவை போய்ப் பார்த்தேன். வசந்தாமணி ஒன்பது தடவை என்கிறாள். அவளுக்கு எண்ணத் தெரியாது.

ஆவணி 3, செவ்வாய்

தூங்குகின்றன! ஐம்பத்தொன்று தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. நாலு செத்துவிட்டன. அந்தப் பக்கம் வெறும் தழை தின்ற ஐம்பத்து நாலும் முன்பு போலவே மினுங்கிக்கொண்டு, குண்டாக, முட்டாள்தனமாக ஊர்கின்றன.

நான் கத்தியதில் வசந்தாமணி கரண்டியோடு ஓடி வந்தாள். இருவரும் தட்டின் மேல் குனிந்து நின்றோம். "அத்தே, எத்தன அழகா நிக்குதுக பாருங்க" என்றாள். இவளுக்கும் புழு என்றால் உயிர் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

நோய்ப் புழுவுக்கு எந்த மருந்து தெளித்தாலும் இப்படித் தூங்காது. இதைப் பார்த்தால் நாச்சியே...

தழை நாலு தடவை. சூடு 25.

ஆவணி 4, புதன்

தோல் உரித்துவிட்டன. பழைய தோல் சுருட்டிக் கழற்றிய காலுறை மாதிரிக் கிடக்கிறது.

பத்து மணிக்குச் சங்கவி போன் செய்தாள். குரலே குதித்தது.

"அப்பத்தா, சுரப்பிக்குள்ள வழக்கமா இருக்கறதவிட அஞ்சு மடங்கு ஹார்மோன்! ரத்தத்துல தேடுனாலும் இல்ல. உள்ளயே தேங்கிக் கெடக்குது!"

"ஊறியிருக்குதில்ல, அப்பறம் ஏன் வெளிய வரல?"

"அதான் சங்கதியே. சுரப்பியில இருக்கற ஒவ்வொரு செல்லுக்கும் சுத்தி ஒரு சவ்வு இருக்கும், எண்ணெய்ப் படலமாட்ட. இந்த ஹார்மோனும் எண்ணெய்ல கரையறது. அதனால தானாவே கசிஞ்சு வெளிய போயிரும்னுதான் நாங்க பாடத்துல படிச்சோம். அப்படி இல்லையாட்ட இருக்குது. செல்லுக்குள்ள குட்டிக் குட்டிப் பை இருக்குது. அந்தப் பையோட சவ்வுல ஒரு புரதம் உக்காந்துட்டு, ஹார்மோனப் புடிச்சுப் புடிச்சுப் பைக்குள்ள தள்ளும். நெறஞ்ச பை செல்லோட வெளிச் சவ்வோரமாப் போயி, அதோட ஒட்டி, வாயத் தொறந்து ரத்தத்துல கொட்டும். இதுகளுக்கு அந்தப் புரதம் சரியில்லைன்னு நெனைக்கறேன்."

நான் கொஞ்சம் யோசித்தேன். "அப்படீன்னா, சமையக்கட்டுல சோறு மலையாட்டக் கெடக்குது. பந்தியில எல்லாரும் வெறும் எலையோட உக்காந்திருக்கறாங்க. வாளியில மொண்டு கொண்டுபோற ஆள் வரல."

"அப்பத்தா, இத நான் என்ற சார்கிட்டச் சொல்லப் போறேன்" என்றாள்.

"இரு. மொதல் மூணு தூக்கமும் தூங்குச்சே. அப்ப ஆரு பரிமாறுனா?"

"ஆள் இல்லாமப் போகல, நொண்டிட்டு இருக்கறானாட்ட இருக்குது. சின்ன உடம்புக்கு அவன் கொண்டுவந்தது பத்துச்சு. பெரிய உடம்புக்குப் பத்தல. உறுதியாச் சொல்ல இன்னும் ஒரு வருஷம் ஆகும். ஆனா ஒண்ணு உறுதி. இது ஒட்டற நோய் இல்ல. ஏதோ ஒரு அந்துப்பூச்சி சோடி வழியா முட்டையிலயே வந்தது. சின்ன அப்பத்தா சாக்கிய எத்தன கழுவுனாலும் வந்திருக்கும். அவங்க மேல தப்பே இல்ல. நாளைக்கு அஞ்சாந்தேதி. நீங்கதான் சொல்லோணும்."

குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு திருமலைச்சாமி தோட்டத்துக்கு நடந்தேன். பிளீச்சிங் கோட்டைத் தாண்டவில்லை.

"அங்கயே நில்லுங்க, அங்கயே நில்லுங்க!" என்று அவர் மாட்டை விரட்டுகிற மாதிரிக் கையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"நோய் இல்லீங்க. நான் தப்பாச் சொல்லிப்போட்டேன்."

"தப்பாச் சொல்லுவீங்களா? நீங்களா? எங்கப்பன் செத்த நாள எனக்கே நீங்கதானுங்க சொல்லுவீங்க."

"வந்து புழுவப் பாருங்க."

"உங்க மனைக்குள்ள வந்துட்டு நான் எப்படிங்க என்ற மனைக்குள்ள போறது?"

அவர் சொல்வதும் முறைதான். இன்னும் இரண்டு தோட்டம் போனேன். ஒருவர் வாசலில் நாயை அவிழ்த்துவிட்டார். இன்னொருவர் வீட்டில் இருந்துகொண்டே வீட்டில் இல்லை என்றார். என் ஞாபகத்தின் மேல் இந்த ஊருக்கு இவ்வளவு நம்பிக்கை இருப்பது இன்றுதான் தெரிந்தது.

வசந்தாமணிதான் வழி சொன்னாள். "புழு வளக்கறவங்க வாட்ஸப் குரூப்புல நம்மூர்க்காரங்க எல்லாரும் இருக்கறாங்கத்தே. நான் புழுவ வீடியோ எடுக்கறேன். நீங்க குரல்ல பேசி அனுப்புங்க."

தோல் உரித்த ஐம்பத்தொன்றையும், உரிக்காத ஐம்பத்து நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவள் எடுத்தாள். நான் பேச வேண்டும். முதல் தடவை, சங்கவி கண்டுபிடித்ததைச் சொன்னேன். வசந்தாமணி, "நீங்க சொன்னது தப்புன்னு வரலீங்களே" என்றாள். அழித்தோம். இரண்டாம் தடவை, யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்று சொன்னேன். அழித்தோம். மூன்றாம் தடவை எப்படியோ பேச்சு பித்தளை அண்டாவுக்குப் போய்விட்டது. அதை வசந்தாமணி கேட்காமலே அழித்தாள்.

வார்த்தை தொண்டை வரைக்கும் வருகிறது. வந்து நிற்கிறது.

நாலாம் தடவை அவளை வெளியே போகச் சொன்னேன். "தெய்வாத்தா பேசறேன். கோயில்ல நான் சொன்னது பொய். கால கிள்ளிப் பாத்தேன். தண்ணிதான் வந்துச்சு. கண்ணாடி போட்டுட்டுத்தான் பாத்தேன். நாச்சி புழு சுத்தமான புழு. போயி எடுத்துக்குங்க."

அனுப்பிவிட்டேன். இருபத்து மூன்று விநாடி என்று காட்டியது. ஒரு மணி நேரம் பேசின மாதிரி இருந்தது.

ஆவணி 5, வியாழன்

மத்தியானத்துக்குள் ஆறு பேர் திரும்பிப் போய்ப் புழு எடுத்துக்கொண்டார்கள். முதல் ஆள் திருமலைச்சாமி. மற்ற மூன்று பேர் ஏற்கெனவே தாராபுரம் பக்கம் வாங்கிவிட்டார்களாம். மூன்று பேருடைய புழுவுக்கு ஆளில்லை. நாச்சி குழி வெட்டச் சொல்லிவிட்டாள் என்று குமரவேல் வந்து சொன்னான்.

வண்டியை எடு என்றேன்.

சாக்கி வாசலில், கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன். உள்ளே போவது முறையில்லை. நாச்சி மண்வெட்டிக்காரனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றாள்.

"குழிய மூடச் சொல்லு. நான் எடுத்துக்கறேன்."

"உன்ற மனை நெறையப் புழு கெடக்குது. எங்க போடுவ, தலமேலயா?"

"வீட்டுல."

"எந்த வீட்டுல?"

"எனக்கு எத்தன வீடு இருக்குது?"

அவள் மண்வெட்டிக்காரனைக் கையமர்த்தினாள். "சூடு இருவத்தஞ்சு இருக்கோணும். சாணி மெழுகுன மாதிரி ஈரம் இருக்கோணும். பல்லி இருக்கக் கூடாது. எறும்பு இருக்கக் கூடாது. உன்ற வீட்டுல எறும்பு எப்பவும் இருக்கும்."

"பத்தொம்பது வருஷமா வந்து பாக்காதவளுக்கு என்ற வீட்டு எறும்பு தெரியுமாக்கும்" என்றேன்.

வீட்டுக்கு வந்து, சோபாவையும் டிவியையும் மாட்டுக் கொட்டகைக்கு மாற்றினோம். குமரவேல் புலம்பினான். வசந்தாமணி, "உங்க ரூம்ல இருந்து ஆரம்பிக்கலாமுங்கத்தே" என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள், ஆனால் என் கட்டில்தான் முதலில் வெளியே போனது. கூடம், என் அறை, பூஜை அறைக்கு முன்னால் உள்ள இடம் எல்லாம் கழுவி, பாலிதீன் விரித்து, புழுவை இறக்கினோம். இவை நாலாம் தூக்கத்துக்குப் போவதற்குள் மனையில் உள்ளவை கூடு கட்டி முடித்துவிடும். கழுவி மருந்தடித்து அங்கே மாற்றிவிடலாம். அதுவரை நான் புழுவுக்கு நடுவில் பாய் போட்டுப் படுக்க வேண்டியதுதான்.

திருமலைச்சாமி கோட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு கட்டு தழையை வைத்துவிட்டு, "எடுத்துக்குங்க" என்று கத்திவிட்டுப் போனார். பவுடர் மட்டும் இன்னும் அப்படியே கிடக்கிறது.

ஆவணி 6, வெள்ளி

காலை ஏழு மணிக்கு நாச்சி வந்தாள். வாசலில் வாளித் தண்ணீரில் காலைக் கழுவினாள். கையைக் கழுவினாள். வேறு சேலை கொண்டுவந்திருந்தாள், மாற்றிக்கொண்டாள்.

"உன்னப் பாக்க வரல. புழுவப் பாக்க வந்தேன்" என்றாள்.

"நான் ஒண்ணும் கேக்கலயே" என்றேன்.

கூடம் முழுவதும் ஒரு சுற்றுச் சுற்றினாள். ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டாள். எறும்பு இருக்கிறதா என்று கட்டிலின் கால் இருந்த இடத்தில்கூடக் குனிந்து பார்த்தாள். ஒரு எறும்புகூட இல்லை. அது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

பிறகு தழையைச் சன்னமாக நறுக்கினோம். நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் இருந்து போட்டுக்கொண்டு வந்தோம். புழு தின்னும் சத்தம், ஓட்டின் மேல் தூறல் விழுகிற மாதிரி, கூடம் முழுக்கக் கேட்டது.

"அந்தத் தூங்காத புழுவுக்கு என்னவாமா?" என்று கேட்டாள். தலையை நிமிர்த்தவில்லை.

"வேணுங்கறது எல்லாம் உள்ள ஊறி நெறஞ்சு கெடக்குது. வெளிய கொண்டுவந்து விடற ஆள்தான் சரியில்லையாமா. அதனால வளரவும் முடியல, தூங்கவும் முடியல."

"மருந்து தெளிச்சதும் தோலு உரிச்சதில்ல?"

"உரிச்சது. அம்பத்தொண்ணு. அதுக கூடு கட்டுனா வித்துப்போடக் கூடாதுன்னு சங்கவி உத்தரவு. தூங்காத அம்பத்து நாலுக்கும் இன்னைக்கு மருந்து தெளிச்சாச்சு. எல்லாம் அவளுக்கு வேணுமாம். அதுகளப் பேரப்புள்ளைகளாட்டப் பாத்துக்கறேன்."

அவள் சிரிக்கவில்லை. தழையைப் போட்டுக்கொண்டே கூடத்தின் நடுவுக்கு வந்துவிட்டாள். நானும் வந்துவிட்டேன். இருவருக்கும் நடுவில் ஒரு முழம் இடம்.

"'முன்னால வராத நாச்சி, சம்பந்தி ஊட்டார் பாக்கறாங்க'ன்னு சொன்னேன்" என்றேன். "மண்டபத்துல, பொண்ணு ரூம் கதவுகிட்ட. உன்ற ஊட்டுக்காரரு போயி எட்டு மாசம்தான் ஆயிருந்துச்சு. செல்வராணிக்குப் பூ வெக்க வந்த. அவளத் தூக்கி வளத்தவ நீ. அந்தப் பூவ உன்ற கையில இருந்து நான் புடுங்குனேன். ஒரு வார்த்தகூட மறக்கல. தப்பு நான் பண்ணிப்போட்டு, நீ எந்திரிச்சுப் போனதுக்குப் பத்தொம்பது வருஷம் கோவிச்சுட்டு இருந்தேன்."

அவள் கையில் இருந்த தழை தீர்ந்துவிட்டது. கூடையில் கை விட்டு எடுக்கவும் இல்லை. முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்தாள்.

"என்ன பூவு?" என்றாள்.

"மல்லிகை. நாலு முழம்."

"மல்லிகையா? கனகாம்பரம்."

"மல்லிகைதான். எனக்கு ஞாபகம் இருக்குது."

"கட்டுனது நானு. ராத்திரி பூரா உக்காந்து கட்டுனேன். விரலெல்லாம் செவந்து கெடந்துச்சு. கனகாம்பரம்."

"வெள்ளையா இருந்துச்சு."

"உனக்குத் தண்ணிகூட வெள்ளையாத் தெரியும்."

வசந்தாமணி சமையல் அறையில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். நாங்கள் மல்லிகை, கனகாம்பரம் என்று பத்து மணி வரை சண்டை போட்டோம். அடுத்த வேளைத் தழை போட மறந்துவிட்டது. பதினெட்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. புழுக்கள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஆவணி 7, சனி

செல்வராணிக்குப் போன் செய்து கேட்டேன். கனகாம்பரம்தானாம். ஆல்பத்தில் இருக்கிறதாம்.

நாச்சி காலையில் வந்தாள், சாயங்காலமும் வந்தாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிவிடுவேன். இல்லையென்றால் திங்கள்கிழமை.

சூடு 25. ஈரம் 85. தழை நாலு தடவை.